ஆறு வினாடியில் முடிந்த படம்

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அந்த அம்மா முதல் மாத்திரையை விழுங்க வேண்டும். இன்று வெள்ளி. நடுவில் பாக்கி இருந்தது ஒரே ஒரு ரிப்போர்ட். அது படக்காரியின் மேஜையில் கிடந்தது.

படக்காரி என்பது ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு விழுந்த பெயர். வேலை அப்படி. மூன்று நாள் வயதான மீன்குஞ்சை மைக்ரோஸ்கோப்பின் கீழே படுக்கவைத்து அதன் இதயத்தைப் படம் பிடிப்பாள். குஞ்சு அரிசியில் பாதி நீளம் இருந்தால் அதிகம். உடம்பு கண்ணாடி. உள்ளே இதயம் துடிப்பதை வெளியிலிருந்தே பார்க்கலாம். கத்தி வேண்டாம், ஊசி வேண்டாம். கேமரா வினாடிக்கு நூறு படம் எடுக்கும். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவே எத்தனை படம் ஓடியது என்று எண்ணி, நிமிஷத்துக்கு எத்தனை துடிப்பு என்று அவள் எழுதிய புரோகிராம் புட்டுப் புட்டு வைத்துவிடும். அந்த புரோகிராமை எழுத அவளுக்கு இரண்டு வருஷம் பிடித்தது. பெற்ற பிள்ளையைப் பற்றிக்கூட அவள் அவ்வளவு பெருமையாகப் பேசியதில்லை என்று வீட்டில் ஒரு குற்றச்சாட்டு உண்டு.

அந்தக் கூடத்தில் எந்தப் புது மருந்தானாலும் மனிதர் வாய்க்குப் போகுமுன் இந்தக் குஞ்சுகளின் இதயத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். இந்தத் தடவை தாண்ட வந்த மருந்து கஷாயத்தினுடையது.

கஷாயம் அங்கே வேதியியல் பிரிவின் தலைவர். அவர் காய்ச்சுவதெல்லாம் பழுப்பு நிறத்தில்தான் வந்து சேரும் என்பதால் அந்தப் பெயர். அவருக்கும் தெரியும், கோபித்துக்கொண்டதில்லை. கோபப்பட நேரமில்லை என்பதுதான் சரி. ஆறு வருஷமாக ஒரே மருந்தின் பின்னால் நாய்படாத பாடு பட்டுக்கொண்டிருந்தார். காரணம் அவர் மனைவியின் வலது கன்னம்.

அங்கே ஒரு நரம்பு கெட்டுப்போயிருந்தது. காற்று பட்டால் வலி. பல் தேய்த்தால் வலி. சிரித்தால், கேட்கவே வேண்டாம், மின்சாரக் கம்பியைக் கன்னத்தில் வைத்து அழுத்திய மாதிரி வெட்டும். பதினோரு வருஷம். இருக்கிற மருந்துகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. அதனால் புது மருந்துக்குச் சம்மதித்த பன்னிரண்டு நோயாளிகளின் பட்டியலில் முதல் பெயர் அவளுடையது. சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட அவள் எடுத்துக்கொண்ட நேரம், பேனாவின் மூடியைத் திறக்கும் நேரம்.

செவ்வாய்க்கிழமை படம் பிடித்தார்கள்.

படக்காரி கம்ப்யூட்டர் முன்னால். மைக்ரோஸ்கோப்பின் முன்னால் வாலு. வாலு என்பது மீன் தொட்டிகளைப் பார்த்துக்கொள்பவள். படக்காரியின் நாத்தனார், புருஷனுக்குத் தங்கை. வீட்டிலும் அதே பெயர்தான், அதே குணம்தான். ஒரு குச்சி நுனியில் ஒட்டிய இமைமுடியால் குஞ்சைத் தொட்டுத் தொட்டு, இதயம் மேலே தெரியும்படி திருப்பிப் படுக்கவைப்பாள். அந்தக் கைக்கு இணை அந்தக் கட்டடத்தில் கிடையாது. இது படக்காரிக்கும் தெரியும். வாய்விட்டுச் சொன்னதில்லை. நாத்தனாரைப் பாராட்டினால் வீட்டில் பாத்திரம் கழுவும் முறை மாறிவிடும்.

வாலுவிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. கேமரா வருவதற்கு முன்னால் இரண்டு வருஷம் அவள்தான் கண்ணாலேயே துடிப்பை எண்ணியவள். கழுத்தில் ஸ்டாப்வாட்ச், கையில் ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒன்று கூடும் சின்ன எண்ணிப்பெட்டி. பேனாவால் மேஜையில் ஒரு தட்டு, எண்ண ஆரம்பிப்பாள். சரியாகப் பத்து வினாடியில் இன்னொரு தட்டு, நிறுத்துவாள். கேமரா வந்தது. எண்ணும் வேலை போயிற்று. தட்டும் கை மட்டும் போகவில்லை. படம் ஓட ஆரம்பித்ததும் 'டக்'. பத்து வினாடியில் 'டக்'. ஒவ்வொரு தட்டுக்கும் படம் உதறும். மீன்தான் துள்ளுகிறது என்று புரோகிராம் குழம்பும். படக்காரி ஒவ்வொரு படத்திலும் தலையையும் வாலையும் வெட்டி எறிந்துவிட்டு நடுத்துண்டை மட்டும் புரோகிராமுக்குத் தீனி போடுவாள்.

"ஏண்டி, என்ன கதவையா தட்டறே? உள்ள யார் இருக்கா, வந்து திறக்க?"

"கை பழகிடுச்சு அண்ணி. தட்டலேன்னா வந்த தும்மல் பாதியில நின்ன மாதிரி இருக்கு."

"உன் தும்மலை வெட்டி வெட்டியே என் கைவிரல் தேயுது."

"அண்ணன்கிட்ட சொல்லி மோதிரம் போடச் சொல்றேன். தேய்ஞ்சது தெரியாது."

மருந்து போடாத முப்பது குஞ்சுகள் முடிந்தன. அடுத்தது மருந்துத் தண்ணீரில் ஊறிய முப்பது. தண்ணீர் கஷாயத்தின் பெயரைக் காப்பாற்றியது. பழுப்போ பழுப்பு. திரையில் படம் இருட்டடித்துப் போயிற்று. விளக்கைக் கூட்டினால் சூட்டில் குஞ்சுகளின் துடிப்பு ஏறும் என்ற பயம். படக்காரி கேமராவின் அமைப்புக்குள் போய், வெளிச்சத்தை அதுவே சரிசெய்துகொள்ளும் வசதியைச் சொடுக்கினாள். படம் பளிச்சென்று தெளிந்தது.

அந்த ஒரு சொடுக்கில்தான் எல்லாமே இருந்தது. அப்போது தெரியவில்லை.

"அண்ணி, இதுங்க தூங்கி வழியுதுங்க. துடிப்பு மந்தமா இருக்கு" என்றாள் வாலு, கண்ணை லென்ஸிலிருந்து எடுக்காமல்.

படக்காரி புரோகிராமை ஓட்டினாள். "சும்மா இரு. மருந்து இல்லாததுக்கு நூத்தி அறுபத்திரண்டு. மருந்து போட்டதுக்கு நூத்தி அறுபத்திமூணு. உன் கண்ணை நம்பவா, இதை நம்பவா?"

"அதையே நம்புங்க. நான் ஒண்ணும் சொல்லலை." சொன்ன பிறகும் கொஞ்ச நேரம் லென்ஸில் குனிந்தபடியே இருந்தாள்.

மருந்து இதயத்தை ஒன்றும் செய்யவில்லை. படக்காரி ரிப்போர்ட்டில் அப்படித்தான் எழுதினாள். வெள்ளி மாலை நாலு மணிக்கு இயக்குநர் அம்மா கையெழுத்துப் போடுவதாக ஏற்பாடு.

அன்று காலை பதினொரு மணிக்குக் கஷாயம் தன் மனைவியை அழைத்துக்கொண்டு வந்தார். கன்னத்தைச் சுற்றிக் கழுத்துவரை ஒரு துணி. யாரும் சொல்லாமலேயே வாலு போய் மின்விசிறியை நிறுத்தினாள்.

அந்த அம்மா படக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். வாயின் இடது ஓரத்தால் மட்டும், மெல்ல மெல்லப் பேசினாள்.

"நன்றிம்மா. நீங்க சரின்னு எழுதினதாலதான்... திங்கட்கிழமை."

"ஐயோ, நான் என்னக்கா பண்ணேன். படம் பிடிச்சேன், அவ்வளவுதான்."

"அந்த மீனுங்களைக் காட்டுங்க. அதுங்களுக்கும் சொல்லணும்."

கஷாயம் தலையைச் சொறிந்துகொண்டார். "நேத்துலேர்ந்து இதே பேச்சு. மீனுக்கு நன்றி சொல்லப்போறாளாம். எனக்கு இந்த ஆறு வருஷத்துல ஒரு தடவை சொல்லலை."

"உங்களுக்கு வீட்ல சொல்லிக்கலாம்" என்றாள் அவள். சிரிக்கக் கூடாது என்று கண்ணை மட்டும் சுருக்கினாள்.

"காலையிலேயே ரெண்டு கிண்ணம் தயார் பண்ணி வெச்சிருக்கேன்க்கா, நேரிலேயே பார்க்கலாம்" என்றாள் வாலு. "மருந்து ஊற இன்னும் அரை மணி ஆகும். அதுவரைக்கும் அண்ணியோட சினிமா பாருங்க."

படக்காரி இரண்டு திரைகளிலும் வெட்டாத அசல் படங்களைப் போட்டாள். இடது பக்கம் மருந்து இல்லாத குஞ்சு. வலது பக்கம் மருந்து போட்டது. இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டினாள். இரண்டும் வாலுவின் தட்டில் ஒருமுறை உதறின. பிறகு இரண்டு இதயங்களும், கூட்டாளிகள் இரண்டு பேர் பேசிவைத்துக்கொண்டு நடப்பதுபோல, அச்சு அசலாக ஒரே வேகத்தில் துடித்தன. சிவப்பாக ரத்தம் ஓர் அறையில் நிறைந்து அடுத்த அறைக்கு வழிந்தது. அந்த அம்மா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள்.

வலது பக்கப் படம் இன்னொரு தரம் உதறியது. முடிந்தது. திரை கறுத்தது.

இடது பக்கம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"மருந்து குடிச்சது மட்டும் ஏன் சீக்கிரம் முடிஞ்சிடுச்சு?" என்று அந்த அம்மா கேட்டாள்.

"இவ அவசரப்பட்டு முன்னாடியே தட்டியிருப்பாக்கா."

"யாரு, நானா?" வாலுவின் குரல் உயர்ந்தது. கழுத்திலிருந்த ஸ்டாப்வாட்சைத் தூக்கிக் காட்டினாள். "பத்துன்னா பத்து அண்ணி. உங்க கல்யாணத்துக்கு நீங்க எத்தனை நிமிஷம் லேட்டா வந்தீங்கன்னு இன்னிக்கும் சொல்வேன், கேக்கறீங்களா?"

படக்காரி சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தாள். அடுத்த ஜோடியைப் போட்டாள். இடது பக்கம் தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே சுவர்க் கடிகாரத்தில் பத்து வினாடி. வலது பக்கம் ஆறு. அடுத்தது. பத்து, ஆறு. அதற்கடுத்தது. பத்து, ஆறு.

ஒருநாள் கை அவசரப்பட்டது என்று வைத்துக்கொள்ளலாம். முப்பது குஞ்சுக்கும் ஆறே வினாடியில் தட்ட, வாலு என்ன ரயிலைப் பிடிக்கவா ஓடினாள்?

படக்காரி இரண்டு திரைகளையும் நிறுத்தினாள்.

"சார்," என்றாள் கஷாயத்திடம், "அக்காவை உங்க ரூம்ல உக்கார வைங்க. எனக்கு ஒரு சின்ன சந்தேகம். தீர்ந்ததும் நானே வரேன்."

கஷாயத்தின் முகம் மாறியது. மனைவியை எழுப்பி அழைத்துப்போனார். கதவு மூடியதும் படக்காரி திரைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். இரண்டு உதறலுக்கும் நடுவே படங்களை எண்ணினாள். இடது பக்கம் ஆயிரம். வலது பக்கம் அறுநூறு.

பத்து வினாடிக்கு அறுநூறு. அப்படியானால் வினாடிக்கு அறுபதுதான்.

அவளுக்கு விளங்கிவிட்டது. இருட்டில் நம் கண்மணி விரிகிற மாதிரி, வெளிச்சத்தைச் சரிசெய்துகொள் என்றதும் கேமரா ஒவ்வொரு படத்துக்கும் கண்ணைக் கூடுதல் நேரம் திறந்து வைத்திருக்கிறது. அதனால் வினாடிக்கு நூறு எடுக்க முடியாமல் அறுபதோடு நின்றிருக்கிறது. ஆனால் புரோகிராமில் 'நூறு' என்று அவள் தன் கையால் தட்டச்சு செய்து வைத்திருந்தாள். புரோகிராம் அவளை நம்பியது. பத்து வினாடிப் படத்தை ஆறு வினாடிப் படம் என்று எடுத்துக்கொண்டது. பத்து வினாடியில் நிதானமாகத் துடித்த பதினாறு சொச்சம் துடிப்பு, ஆறு வினாடிக்குள் திணிக்கப்பட்டு, நல்ல ஆரோக்கியமான நூற்று அறுபத்திமூன்றாகிவிட்டது.

உண்மை தொண்ணூற்றெட்டு.

இதயம் எவ்வளவு மந்தமோ அதே அளவு கேமராவும் மந்தம். ஒன்றின் குட்டை இன்னொன்று மூடி மறைத்துவிட்டது. காட்டிக்கொடுக்கச் சாட்சி ஒன்றே ஒன்றுதான் இருந்தது, வாலுவின் தட்டு. அதை அவள் ஒவ்வொரு படத்திலும் தலையும் வாலுமாக வெட்டி எறிந்துகொண்டிருந்தாள்.

"அண்ணி, ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?"

"நீ செவ்வாய்க்கிழமை என்ன சொன்னே? தூங்கி வழியுதுன்னா?"

"ஆமா. நீங்க சும்மா இருன்னீங்க. நான் சும்மா இருந்தேன். வாழ்க்கையில முதல் தடவை."

"எண்ணிப்பெட்டி எங்க?"

வாலு ஒரு நொடி அவளைப் பார்த்தாள். விளையாட்டு முகம் போய்விட்டது. இழுப்பறையைத் திறந்தாள். இரண்டு வருஷம் கையிலேயே கிடந்ததில் வழுவழுவென்று தேய்ந்துபோன எண்ணிப்பெட்டி மேலாகவே இருந்தது. காலையில் அந்த அம்மாவுக்காகத் தயார் செய்த இரண்டு கிண்ணங்களையும் எடுத்துவந்தாள். லென்ஸில் கண்ணை வைத்தாள். ஒரு கையில் இமைமுடிக் குச்சி, இன்னொரு கையில் எண்ணிப்பெட்டி.

"கை காலியில்லை. ஸ்டாப்வாட்சைக் கழட்டிக்குங்க. நீங்க தட்டுங்க அண்ணி."

படக்காரி பேனாவை எடுத்தாள். தட்டினாள். பத்து வினாடி. தட்டினாள்.

"இருபத்தேழு" என்றாள் வாலு. அது தெளிந்த தண்ணீர்.

பழுப்புக் கிண்ணம். டக். எண்ணிப்பெட்டி நிதானமாகக் 'கிளிக் கிளிக்' என்றது. டக்.

"பதினாறு."

அடுத்தது. "பதினாறு."

அடுத்தது. "பதினேழு." அடுத்ததில் வாலு லென்ஸில் இன்னும் நெருங்கிக் குனிந்தாள். "இதுக்கு இன்னொரு தடவை தட்டுங்க" என்றாள். மறுபடி தட்டினாள் படக்காரி. "அண்ணி, இது சரியில்லை. ரத்தம் வாங்கற அறை ரெண்டு தடவை துடிக்குது. வெளிய தள்ளற அறை ஒரு தடவைதான் துடிக்குது. நடுவுல ஒண்ணை விட்டுடுது."

மனிதருக்கு அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும். படிக்கட்டில் ஏறும்போது கண் இருட்டும். சிலர் கீழே விழுவார்கள். சிலர் எழுந்திருக்க மாட்டார்கள்.

மணி இரண்டு பத்து.

ரிப்போர்ட் மேஜையில் கிடந்தது. முதல் பக்கத்தில் அவள் பெயர். படக்காரியின் மனசுக்குள் ஒரு குரல், அவளுடைய குரலேதான், மெதுவாகப் பேசிப் பார்த்தது: நாலு மணி வரை பேசாமல் இரு. அடுத்த வாரம் 'மறுபடி சோதிக்கணும்'னு ஒரு கடிதம் போடு. யாருக்கும் தெரியாது. உன் இரண்டு வருஷப் புரோகிராமுக்குக் கெட்ட பெயர் வராது.

கையில் இன்னும் அந்த அம்மா பிடித்த இடம் சூடாக இருந்தது. அடுத்த வாரம் என்பதில் ஒரு திங்கட்கிழமை இருக்கிறது.

"வாடி" என்றாள் வாலுவிடம். "துணைக்கு வா."

கஷாயத்தின் அறையில் அந்த அம்மா கன்னத்தைக் கையால் தாங்கி உட்கார்ந்திருந்தாள். படக்காரி உட்காரவில்லை. சுற்றி வளைக்கவும் இல்லை.

"சார், உங்க மருந்து இதயத்தை மந்தமாக்குது. நூத்தி அறுபத்திமூணு இல்லை. தொண்ணூத்தெட்டு. கேமரா அமைப்பை மாத்தினது நான். நூறுன்னு எண்ணைப் போட்டதும் நான். தப்பு என்னோடது. வேற யாரும் இதுல இல்லை."

கஷாயம் எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து சுவரில் இடித்தது.

"இன்னிக்கு வந்து சொல்றீங்களா? ரெண்டு மணிக்கு? மூணு நாளா நூத்தி அறுபத்திமூணு, நூத்தி அறுபத்திமூணுன்னு இவகிட்ட பாட்டு மாதிரி பாடிக்கிட்டிருக்கேன்!"

"ஆமா சார்."

"நான் பார்க்கணும்."

வந்தார். லென்ஸில் குனிந்தார். வாலு எண்ணிப்பெட்டியை அவர் கையில் வைத்தாள். படக்காரி தட்டினாள். அவர் கட்டைவிரல் அழுத்த அழுத்த, கழுத்து நரம்பு புடைப்பது பக்கத்திலிருந்தே தெரிந்தது. தட்டினாள்.

அவர் எண்ணிப்பெட்டியைப் பார்த்தார். பதினாறு. இன்னொரு குஞ்சு. பதினாறு. அந்த விட்டு விட்டுத் துடிக்கும் குஞ்சையும் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது கண்ணாடியைக் கழற்றி, துடைக்காமலேயே மறுபடி மாட்டிக்கொண்டார்.

"இதை நான் என் கையால இவளுக்குக் குடுக்க இருந்தேன்" என்றார். யாரிடமும் இல்லை.

அந்த அம்மா வாசலில் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். படக்காரிக்கு அவளை நிமிர்ந்து பார்க்கத் தைரியமில்லை. பதினோரு வருஷ வலிக்கு ஒரு விடிவு என்று வந்தவள். அந்த விடிவைத் தட்டிப் பறித்தாகிவிட்டது.

அந்த அம்மா பக்கத்தில் வந்து, காலையில் பிடித்த அதே கையைப் பிடித்தாள்.

"காலையில ஒரு நன்றி சொன்னேனே, அதைத் திருப்பிக் குடுத்துடும்மா."

படக்காரி தலையைக் குனிந்தாள்.

"அது தப்பான அட்ரஸுக்குப் போயிடுச்சு. இப்ப புதுசா ஒண்ணு தரேன். இதை வெச்சுக்கோ."

சொல்லிவிட்டுத் தன்னையறியாமல் சிரித்துவிட்டாள். உடனே வெட்டியது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி நின்றாள். கஷாயம் அவள் தோளைத் தொடாமல், தொடும் தூரத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றார். வலி போன பிறகு அவள் கண்ணைத் திறந்து, விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தாள்.

"இது பழகின வலி. வரும், போகும். நான் இருப்பேன்ல? அது போதும் இப்போதைக்கு."

"இருக்கணும்" என்றார் கஷாயம். பிறகு, "இந்த மருந்து நரம்பைப் பிடிக்கிற கையாலயே இதயத்தையும் பிடிச்சுத் தொலைக்குது. கை நல்ல கை. விரலு ஒண்ணு அதிகம். எந்த விரல்னு கண்டுபிடிச்சு வெட்டணும். நேத்து வரைக்கும் அதிக விரல் இருக்குன்னே எனக்குத் தெரியாது" என்றார். படக்காரியைப் பார்த்தார். கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை, ஆனால் போய்க்கொண்டிருந்தது. "நீங்க சொல்லாம விட்டிருந்தா திங்கட்கிழமை தெரிஞ்சிருக்கும். வேற மாதிரி."

"எனக்குச் சொல்லாதீங்க சார்." படக்காரி திரும்பி நாத்தனாரைக் காட்டினாள். "தட்டாதே தட்டாதேன்னு நான் ஒரு வருஷமா திட்டினேன். இவ தட்டினா. அதான் நடந்தது."

வாலு ஆய்வுக்கூடத்தின் கூரையில் ஏதோ முக்கியமானது இருப்பதுபோல மேலே பார்த்தாள். காது சிவந்துவிட்டது.

நாலு மணிக்கு இயக்குநர் அம்மா கையெழுத்துப் போட்டது ரிப்போர்ட்டில் அல்ல, திங்கட்கிழமையை ரத்து செய்யும் கடிதத்தில். படக்காரி எழுதிக் கொடுத்த தவறு விளக்கத்தை இரண்டு தடவை படித்தாள். "உன் மேல கோபமா இருக்கேன்" என்றாள். "திங்கட்கிழமைக்குள்ள அது போயிடும். அன்னிக்கே எல்லாத்தையும் மறுபடி எடு." மீதிப் பதினொரு நோயாளிகளுக்கு அவளே தொலைபேசியில் பேசினாள்.

அன்று மாலை படக்காரி புரோகிராமைத் திறந்து புதிதாகச் சில வரிகள் எழுதினாள். இனி எந்தப் படமானாலும் முதலில் இரண்டு உதறல்களைத் தேட வேண்டும். நடுவில் எத்தனை படம் என்று எண்ண வேண்டும். கணக்கு ஒத்துவரவில்லை என்றாலோ, உதறலே இல்லை என்றாலோ, படத்தை ஏற்கக் கூடாது. அந்தப் பகுதிக்கு ஒரு பெயர் வைத்தாக வேண்டும். யோசிக்காமல் 'வாலு' என்று வைத்தாள்.

பின்னாலிருந்து எட்டிப் பார்த்த வாலு, "இது என்ன அநியாயம்? உலகம் பூராவும் படிக்கப்போற புரோகிராம்ல என் நல்ல பேரை விட்டுட்டு இதையா போடுவீங்க?" என்றாள்.

"நல்ல பேருக்கு நீ இன்னும் உழைக்கணும்."

"அப்ப இன்னிக்கு ராத்திரி பாத்திரம்?"

படக்காரி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நான் கழுவறேன்" என்றாள். "இந்த வாரம் பூரா."

வாலு பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். இப்படி ஒரு வாக்குமூலத்தை நின்றுகொண்டே கேட்க முடியாது.

திங்கட்கிழமை. மணி ஒன்பதுக்குப் பத்து நிமிஷம். அறுபது குஞ்சுகளைப் புதிதாகப் படம் பிடிக்கத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். சூடு ஏற்றாத புது விளக்கு வந்திருந்தது. கேமராவின் அந்தப் பாழாய்ப்போன வசதி அணைக்கப்பட்டிருந்தது. கதவு திறந்தது. கன்னத்தில் துணி சுற்றிக்கொண்டு அந்த அம்மா நின்றாள். பின்னால் கஷாயம், கையில் புதிதாகக் காய்ச்சிய மருந்து ஒரு சின்னக் குப்பியில், முகத்தில் இரண்டு நாள் தாடி.

"ஒன்பது மணிக்கு இந்தக் கட்டடத்துக்கு வரணும்னு ஒரு மாசமா மனசுல போட்டு வெச்சிட்டேன்" என்றாள் அந்த அம்மா. "வீட்ல இருக்க முடியலை. அன்னிக்கு மீனுங்களுக்குச் சொல்லாமயே போயிட்டேன்."

வாலு போய் மின்விசிறியை நிறுத்தினாள். நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். முதல் குஞ்சைத் திருப்பிப் படுக்கவைத்தாள். திரையில் கண்ணாடி உடம்புக்குள் சிவப்பாக அந்தத் துளி இதயம் திறந்து மூடியது.

படக்காரி பதிவைத் தொடங்கிவிட்டுக் காத்திருந்தாள். சத்தம் வரவில்லை. திரும்பிப் பார்த்தாள். வாலு பேனாவையும் ஸ்டாப்வாட்சையும் அந்த அம்மாவிடம் நீட்டிக்கொண்டிருந்தாள்.

"நானா?" என்றாள் அந்த அம்மா.

"பத்துன்னா பத்துக்கா. அண்ணி ரொம்பக் கண்டிப்பு."

சுவர்க் கடிகாரத்தில் சரியாக ஒன்பது. அந்த அம்மா பேனாவைப் பிடித்து, ஒரு கணம் திரையைப் பார்த்தாள். உதடு அசைந்தது, மீனுக்கு என்ன சொன்னாளோ, யாருக்கும் கேட்கவில்லை.

மேஜையில் ஒரு தட்டு தட்டினாள்.